ஒரே ஊராக வாழ்க்கை, இரு நாடாகக் கணக்கு: ஜோகூரும் சிங்கப்பூரும்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்திலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள புக்கிட் சாகார் நிலையத்துக்கு நான்கு கிலோமீட்டர் தூரம். இரு கரைகளையும் இணைக்கும் ஆர்டிஎஸ் என்ற விரைவு ரயில் அதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும். 2026 முடிவதற்குள் சேவையைத் தொடங்குவது என்பது இரு அரசாங்கங்களும் வைத்த இலக்கு.

இந்தப் பாதை பற்றி முதன்முதலில் அறிவித்தது 2010 மே மாதம். சேவை தொடங்கும் என்று அப்போது சொன்ன ஆண்டு 2018. ஆனால் 2018 ஜனவரியில்தான் ஒப்பந்தமே கையெழுத்தானது. நான்கு மாதத்தில் மலேசியாவில் ஆட்சி மாறியது, வேலை நின்றது, மறுபடி பேச்சு நடந்தது. செலவைக் குறைத்து, ரயிலின் வகையையும் மாற்றி, 2020 ஜூலை 30ஆம் தேதி திரும்பவும் கையெழுத்திட்டார்கள். நான்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள். இந்தப் பதினாறு ஆண்டுகளும் மக்கள் காத்துக்கொண்டு இருக்கவில்லை. மூன்று லட்சம் பேருக்கு மேல் தினமும் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வந்தார்கள். பண்டிகைக் காலத்தில் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது.

மக்கள் இவ்வளவு எளிதாகச் சேர்த்துக்கொள்ளும் இரு கரைகளை அரசுகள் சேர்க்க ஏன் இவ்வளவு காலம் ஆகிறது? அரசுகள் செய்த ஏற்பாடுகளில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை? சிறப்புப் பொருளியல் மண்டலம், புதிய ரயில் என்று அறிவிப்புகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் இதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூர்த் தமிழர்களில் பல பேருக்கு இது பக்கத்து நாட்டுச் செய்தி இல்லை. அக்கா ஜோகூரின் கூலாயில், தம்பி சிங்கப்பூரின் யீஷூனில் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

கடற்பாலத்தில் 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது, 1924 ஜூன் மாதம் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது. ஒரு கிலோமீட்டரை விடச் சற்று நீளம். புலாவ் உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லைக் கடலில் கொட்டி எழுப்பியது. அதற்கு முன் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் இக்கரைக்குக் கொண்டு வந்தார்கள். மலாயாவின் ரப்பரும் ஈயமும் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வந்துசேர வேண்டும் என்பதற்காகத்தான் பாலம் கட்டப்பட்டது. ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில்பாதைகளிலும் உழைத்த தமிழர்களுக்கு இரண்டு கரையும் ஒரே வேலைக்களம். தோட்டத்தில் வேலை குறைந்தால் சிங்கப்பூருக்கு வந்தார்கள். இங்கே வேலை குறைந்தால் அங்கே உறவினர் வீட்டுக்குப் போனார்கள். நடுவில் யாரும் கடப்பிதழ் கேட்கவில்லை.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் தனிநாடானது. பிரிவு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. கடப்பிதழ்ச் சோதனை 1967இல் வந்தது. கூட்டாக நடத்திய விமான நிறுவனம் 1972இல் இரண்டானது. சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் ஒன்றுக்கொன்று சமமாக மாறிக்கொண்டிருந்த ஏற்பாடு 1973 மே மாதம் முடிவுக்கு வந்தது, அதே ஆண்டில் பங்குச் சந்தையும் பிரிந்தது. இதெல்லாம் பிரிந்துகொண்டே போனாலும் கடிகாரம் மட்டும் பிரியவில்லை. தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் தன் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளி வைத்தது. சூரியன் இங்கே காலை ஏழு மணிக்கு உதிப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். பாலத்தின் ஒரு முனையில் ஆறரை, மறுமுனையில் ஏழு என்றால் வேலைக்குப் போகிறவர்களும் வியாபாரம் செய்கிறவர்களும் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

1973இல் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த நாணயம் இப்போது ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இந்த இடைவெளிதான் இன்றைய எல்லை வாழ்க்கையின் அடித்தளம். நல்லுறவு, பண்பாட்டுப் பிணைப்பு என்று மேடைகளில் பேசுகிறார்கள். அவை உண்மைதான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஒருவரைப் படுக்கையைவிட்டு எழுப்புவது நாணய மாற்று விகிதம்.

என்னோடு சிங்கப்பூரின் செனோக்கோவில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஜோகூரின் மாசாயிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துபோவார். ஏழரைக்கு வேலை தொடங்கும். அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவது நாலே முக்காலுக்கு. மழைக்கோட்டு எப்போதும் இருக்கைக்கு அடியில் இருக்கும். காற்று நெஞ்சில் படாமல் இருக்கச் சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொள்வார். கடப்பிதழைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், கையுறையைக் கழற்றி அதைத் தேட ஆகும் நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மலேசியப் பக்கம் ஒரு வரிசை, பாலத்தின் மேல் புகையோடு ஓர் ஊர்வலம், உட்லண்ட்ஸில் இன்னொரு வரிசை, கட்டைவிரல் ரேகை, தடுப்புக் கம்பி. ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வேலை தொடங்கும்வரை உணவகத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குவார். சம்பளத்தை ரிங்கிட்டாகப் பார்த்தால் ஜோகூரில் அதே வேலைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதை வைத்துத்தான் வீடு வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். உடம்பு கொடுத்த விலை அந்தக் கணக்கில் இல்லை.

சனி ஞாயிறில் ஓட்டம் எதிர்த்திசைக்கு மாறும். உட்லண்ட்ஸிலிருந்து 950, குவீன் ஸ்திரீட்டிலிருந்து ஜோகூர் பாருவின் லார்க்கினுக்குப் போகும் 170 என்று பேருந்துகள் நிரம்பி வழியும். முடிவெட்ட, பல் பார்க்க, கார் கழுவ, தீபாவளிக்குத் துணி எடுக்க, ராஜமாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்ய என்று ஆளுக்கொரு வேலை. குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு திரும்பினாலும் இங்கே செலவாகும் அளவுக்கு ஆவதில்லை. மலிவான பெட்ரோலுக்காகவே எல்லாரும் ஓடக்கூடாது என்பதற்காகச் சிங்கப்பூர்க் கார்கள் கிளம்பும்போது தொட்டியில் முக்கால்வாசி எரிபொருள் இருக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது.

இதில் இரண்டு பக்கமும் இழப்பு உண்டு. ஜோகூர் பாருவில் உணவகம் நடத்துகிறவருக்கு ஆள் கிடைப்பதில்லை. கொஞ்சம் வேலை பழகியதும் ஊழியர் பாலத்தைக் கடந்துவிடுகிறார். சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைக் கடைக்காரருக்கோ வார இறுதியில் வாடிக்கையாளர் இல்லை. இரண்டு ஊர்களும் ஒரே சந்தையாகிவிட்டதன் அடையாளம் இது. ஒரே சந்தைதான், ஆனால் அதை நிர்வகிக்கும் சட்டங்களும் வரிகளும் இரண்டு.

அரசுகளுக்கிடையே செய்த ஏற்பாடுகளில் மிக நீண்ட காலம் நிலைத்தது தண்ணீர் ஒப்பந்தம். ஆனால் அதைப்போல் சச்சரவுக்கு இடமான ஒப்பந்தமும் வேறில்லை. கடற்பாலத்தில் பேருந்தில் போகும்போது ஓரமாக ஓடும் பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஒப்பந்தம் 1927இல் போடப்பட்டது. பிறகு 1961இல் ஒன்று, 1962இல் ஒன்று. 1961 ஒப்பந்தம் 2011இல் முடிந்துவிட்டது. 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். அதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு, அதாவது 3 சென். பதிலுக்கு, எடுக்கும் நீரில் 2 விழுக்காடு வரை சுத்திகரித்த நீராக ஜோகூர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஆயிரம் கேலனுக்கு 50 சென்.

3 சென் என்பது மிகக் குறைவு என்று மலேசியா பல ஆண்டுகளாகச் சொல்கிறது. 25 ஆண்டுகள் கழித்து விலையை மறுபரிசீலனை செய்யும் உரிமையை 1987இல் ஜோகூர் பயன்படுத்தவில்லை, எனவே அது கடந்துபோய்விட்டது என்பது சிங்கப்பூரின் வாதம். சுத்திகரிக்க ஆகும் செலவு 50 சென்னைவிடப் பல மடங்கு என்றும் சிங்கப்பூர் சொல்கிறது. பிரதமர்கள் மாறினார்கள், குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஜோகூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, ஒப்பந்தப்படி தரவேண்டிய அளவுக்கும் மேலாகச் சுத்திகரித்த நீரைச் சிங்கப்பூர் அனுப்பியிருக்கிறது.

இந்த ஒப்பந்தம் ஏன் நிலைத்தது? எனக்குத் தெரியும் காரணங்கள் இரண்டு. பிரிவினை உடன்பாட்டிலேயே இந்த ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் எழுதி, அதை ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பதிவு செய்தார்கள். அதனால் எந்த அரசியல்வாதிக்கும் அதை ஒரு கூட்டத்தில் கிழித்துப் போட முடியாது. அடுத்து, யார் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு பெறுவது என்பது கேலன் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. மனக்கசப்பு இருந்தாலும் கணக்கு ஓடும். நட்பை நம்பி எழுதப்பட்ட ஏற்பாடுகளுக்கு இந்தப் பலம் இருந்ததில்லை.

1989 டிசம்பரில் சிங்கப்பூரின் அப்போதைய முதலாம் துணைப் பிரதமர் கோ சோக் டோங், சிங்கப்பூர், ஜோகூர், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் மூன்றையும் சேர்த்து ஒரு வளர்ச்சி முக்கோணம் என்ற யோசனையை முன்வைத்தார். சிங்கப்பூரின் மூலதனமும் நிர்வாகத் திறனும், ஜோகூரின் நிலமும் ஊழியர்களும், ரியாவின் பாத்தாம், பிந்தான் தீவுகளின் நிலமும் மலிவான உழைப்பும் ஒன்றுசேரும் என்பது எண்ணம். பாத்தாமில் தொழிற்பேட்டை எழுந்தது, பிந்தானில் உல்லாசத் தலங்கள் வந்தன. 1994 டிசம்பரில் மூன்று நாடுகளும் கையெழுத்தும் இட்டன. ஆனால் முக்கோணத்தின் ஒரு பக்கம் கடைசிவரை மெலிந்தே இருந்தது. ஜோகூருக்கும் ரியாவுக்கும் இடையே பெரிதாக எதுவும் ஓடவில்லை, இரண்டும் ஒரே சிங்கப்பூர் முதலீட்டுக்காகப் போட்டியிட்டன. சிங்கப்பூர்-கோலாலம்பூர் அதிவேக ரயில் அதைவிடக் குறுகிய கதை. 2016இல் ஒப்பந்தம், 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதி, இழப்பீடாக மலேசியா சிங்கப்பூருக்குக் கொடுத்தது 102.8 மில்லியன் வெள்ளி.

ரயில் என்றதும் தஞ்சோங் பகார் நிலையத்தைப் பேசாமல் போக முடியாது. சிங்கப்பூரின் நடுவே மலேசிய ரயில்வேயின் நிலம் ஒரு நாடாவைப்போல் ஓடிக்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா மாற மறுத்தது. விளைவு, பயணி முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழையும் சோதனையை முடிப்பார். அதன்பிறகு ரயிலில் அரை மணிநேரம் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்து, உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் சோதனைக்கு இறங்குவார். இந்த நிலை 13 ஆண்டுகள் நீடித்தது. 1990இல் போட்ட நில உடன்பாட்டை இரு தரப்பும் வேறுவேறு விதமாகப் படித்ததுதான் காரணம்.

2010இல் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் இதை முடித்து வைத்தார்கள். ரயில் நிலம் சிங்கப்பூருக்கு. அதற்கு ஈடாக மரீனா சவுத்திலும் ஒஃபிர்-ரோச்சோரிலும் நிலம். அதைக் கட்டி எழுப்ப ஒரு கூட்டு நிறுவனம், அதில் மலேசியாவின் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூரின் தெமாசெக்குக்கு 40. பூகிஸ் பக்கம் போகும்போது நிமிர்ந்து பார்க்கும் டுவோ கோபுரங்கள் அந்த ஒப்பந்தத்தில் முளைத்தவை. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார். 1924இல் பாலம் திறந்தபோது ஜோகூரின் சுல்தானாக இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. மலாயா ரயில்வேயில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த இரவு வேறு மாதிரிக் கனத்தது.

ஆர்டிஎஸ் ரயிலின் வடிவத்தில் அந்தப் பழைய அனுபவத்தின் பாடம் தெரிகிறது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். உட்லண்ட்ஸ் நார்த்தில் ஏறினால் சிங்கப்பூர் அதிகாரியும் மலேசிய அதிகாரியும் அங்கேயே இருப்பார்கள், புக்கிட் சாகாரில் இறங்கி நேரே நடந்து போகலாம். ரயிலை இயக்குவது போக்குவரத்து நிறுவனங்களான சிங்கப்பூரின் எஸ்எம்ஆர்டியும் மலேசியாவின் பிரசரானாவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் தன் சட்டத்தை நடத்த விடுவது எந்த அரசுக்கும் சின்ன விஷயம் இல்லை. இறையாண்மை பற்றி மிகக் கூர்மையாக இருக்கும் இந்த இரண்டு நாடுகளும் அதற்கு ஒப்புக்கொண்டதை நான் உண்மையிலேயே பெரிய முன்னேற்றமாகப் பார்க்கிறேன்.

சரி, சிறப்புப் பொருளியல் மண்டலம்? 2025 ஜனவரி 7ஆம் தேதி மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் பிரதமர்கள் அன்வார் இப்ராகிம், லாரன்ஸ் வோங் முன்னிலையில் இந்த ஒப்பந்தம் பரிமாறப்பட்டது. தென் ஜோகூரின் வளர்ச்சி வட்டாரமான இஸ்கந்தர் மலேசியா, பெங்கராங் ஆகியவற்றை உள்ளடக்கிய 3,500 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு, அதாவது சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு. செயற்கை நுண்ணறிவு, மருத்துவக் கருவி, விமான-விண்வெளித் தயாரிப்பு போன்ற துறைகளில் தகுதிபெறும் நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள்வரை 5 விழுக்காடு வருமான வரி. தகுதியுள்ள அறிவுத்துறை ஊழியர்களுக்கு 10 ஆண்டுகளுக்கு 15 விழுக்காடு என்று ஒரே அளவான வரி. தலைமையகம், நிதி, ஆய்வு ஆகியவை சிங்கப்பூரில், இடமும் மின்சாரமும் அதிகம் தேவைப்படும் வேலைகள் ஜோகூரில் என்ற பிரிவினைதான் இதன் உள்ளடக்கம்.

இது காகிதத்தில் பிறந்த யோசனையும் இல்லை. 2019இலிருந்து 2022 தொடக்கம்வரை சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் போதாது என்பது காரணம். தரவு மையங்கள் ஜோகூருக்குப் போயின. அங்கே இப்போது அவற்றின் தண்ணீர்த் தேவையும் மின்தேவையும் பெரிய விவாதம். சிங்கப்பூரில் இடமில்லாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நமக்கு வசதி. ஆனால் அந்த வசதியின் சுமை ஜோகூர் ஆற்றின் மீதும் விழுகிறது, அந்த ஆற்றின் நீரைத்தான் நாமும் குடிக்கிறோம்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் நகரமும் சிங்கப்பூர் நாடும் ஒன்று. ஓர் அமைச்சர் முடிவெடுத்தால் சோதனைச் சாவடியில் தடம் திறக்கும். ஜோகூர் அப்படி இல்லை. நிலம் மாநிலத்தின் கையில். குடிநுழைவு, சுங்கம், ரயில், வருமான வரி எல்லாம் கூட்டரசின் கையில். ஜோகூர் பாரு மாநகர் மன்றத்துக்குத் தன் வாசலில் இருக்கும் எல்லையின் மீது எந்த அதிகாரமும் கிடையாது. நெரிசலில் மூச்சுத் திணறுவது ஜோகூர், முடிவெடுப்பது புத்ராஜெயா, வருமான வரி போய்ச் சேர்வது கூட்டரசுக் கருவூலம். பல திட்டங்கள் இழுத்தடிக்கப்பட்டதற்கு இரு நாடுகளின் மனத்தாங்கலைவிட இந்த உள்வீட்டு இடைவெளி பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லையில் வாழ்கிறவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் காட்டியது. 16ஆம் தேதி இரவு மலேசியா கோவிட் பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது, 18ஆம் தேதி அமல். நடுவில் ஒரே ஒரு நாள். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையில் அகப்பட்ட துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தார்கள். வராதவர்களுக்கு வேலை கேள்விக்குறி. வந்தவர்களில் பலர் கிடைத்த இடத்தில் படுத்தார்கள், பிறகு தங்குமிடங்கள் ஏற்பாடாயின. சில வாரங்கள் என்று எண்ணியது நீண்டுகொண்டே போனது. ஆகஸ்டில் ஒரு பயண ஏற்பாடு வந்தது, ஆனால் மாதக்கணக்கில் இங்கேயே தங்கி வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது. தரைவழிப் பயணம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இடையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவின் இறுதிச்சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். அரை மணிநேரத் தூரம்.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னொன்று. உள்நாட்டுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் சாப்பிடும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதிலும் பெரும்பகுதி உயிரோடு லாரியில் வந்து இங்கே அறுக்கப்படுவது. சந்தைக் கடைக்காரர்கள் கதவை இழுத்து மூடினார்கள். ஜோகூரின் கோழிப்பண்ணைக்காரர்களும் வாங்க ஆளில்லாமல் திண்டாடினார்கள். இரு பக்கமும் அடிபட்ட ஒரு முடிவு, எடுத்தது ஒரு பக்கம்.

வேறு நாடுகள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டிருக்கின்றன? சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவை எடுத்துக்கொள்வோம். பிரான்சிலிருந்து தினமும் எல்லையைக் கடந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மிக அதிகம். அவர்களுடைய சம்பளத்துக்கு ஜெனீவாவே வரி பிடிக்கிறது. ஆனால் அவர்கள் வீடு இருப்பது பிரெஞ்சு ஊர்களில், சாலையும் பள்ளியும் அந்த ஊர்கள்தானே போட்டுத் தரவேண்டும். எனவே 1973இல் ஓர் ஒப்பந்தம். மொத்தச் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டை ஜெனீவா பக்கத்து மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. லக்சம்பர்க்கில் ஊழியரணியில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வருகிறவர்கள். அவர்கள் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓய்வூதிய உரிமை சேர்கிறது, வயதானபின் அது வீடிருக்கும் நாட்டுக்கே வந்துசேர்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது? ஓய்வுக்காலச் சேமிப்பான சிங்கப்பூரின் மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதிச் சீட்டில் ஜோகூரிலிருந்து வந்துபோகும் ஊழியருக்கு அது கிடையாது. அவர் முதலாளிக்கு மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் கட்ட வேண்டிய கடமையும் கிடையாது. தானாக முன்வந்து கட்டினால் உண்டு. மேலே சொன்ன மாசாய் அண்ணன் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வேலை பார்த்தார். கடைசி நாளில் கேக் வெட்டினோம், பை கொடுத்தோம். ஓய்வுக்காலத்துக்கென்று எந்தக் கணக்கிலும் அவர் பெயரில் ஒரு தொகை சேர்ந்திருக்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எதுவோ அதுதான்.

சிறப்பு மண்டலத்தின் சலுகைகள் நிறுவனங்களையும் உயர்திறன் ஊழியர்களையும் குறிவைத்து எழுதப்பட்டவை. முதலீட்டை ஈர்க்க அது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இரண்டு ஊர்களையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தைத்துக்கொண்டிருப்பவர்கள் மோட்டார்சைக்கிளிலும் தொழிற்சாலைப் பேருந்திலும் வருகிறவர்கள். அவர்களைப் பற்றி எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதப்பட வேண்டாமா?

ரயிலும் அவர்களில் பலருக்கு முழு விடையாகாது. ஆர்டிஎஸ் திட்டமிட்டபடி காலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவுவரை ஓடும். இரவு வேலை முடிந்து விடியுமுன் திரும்புகிறவருக்கும் ஏழு மணிக்குத் துவாஸில் நிற்க வேண்டியவருக்கும் அது உதவாது. ஸ்கூடாயிலோ மாசாயிலோ இருக்கிறவர் முதலில் புக்கிட் சாகார்வரை வந்தாக வேண்டும். அதற்கு ஜோகூர் பாருவின் இன்றைய பேருந்துச் சேவை போதாது. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் கேள்வி. ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், இப்போது உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலும் நிறுத்தப்படும்.

இஸ்கந்தர் மலேசியா பற்றிப் பேச 2007இலிருந்தே இரு நாட்டு அமைச்சர்களின் கூட்டுக் குழு ஒன்று இயங்குகிறது. முதலீடு, போக்குவரத்து, சுற்றுலா, சுற்றுச்சூழல் என்று பலவற்றையும் அது பேசியிருக்கிறது. எல்லை கடந்து வரும் ஊழியரின் ஓய்வூதியச் சேமிப்பை இரண்டில் ஏதாவது ஒரு நாட்டு நிதியில் கட்டாயமாக்குவது, முதலாளியின் பங்கையும் அதில் சேர்ப்பது, அடுத்த பெருந்தொற்றில் எல்லையை மூடுவதற்குமுன் எத்தனை நாள் அவகாசம் தருவது, அங்கும் இங்கும் மாட்டிக்கொள்பவர்களுக்கு யார் தங்குமிடம் தருவது: இவை எல்லாவற்றையும் தண்ணீர் ஒப்பந்தத்தைப்போல எண்களோடு எழுதி, பதிவு செய்து வைக்கலாம். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இது நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். அதற்குப் பாலத்தின் இந்தப் பக்கம் இருக்கும் நாமும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் மாலைகளில், கேட்க வேண்டும்.